பரணில் காயும் திராட்சை

வெரோனாவில் குடியேறிய முதல் அக்டோபரில் கீழ்வீட்டு அம்மாள் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். பீன்ஸும் பாஸ்தாவும் சேர்த்துக் குழைய வேகவைத்த கெட்டியான சூப், முந்தின நாள் ரொட்டி, ஒரு துண்டு சீஸ். கூடவே பச்சைக் கண்ணாடிப் பாட்டில் ஒன்று. அதில் லேபிள் எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கும் அதே டம்ளரில் பாதி ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். திரைச்சீலையில் இருந்த பூவேலைகூட அதன் வழியே தெரிந்தது. அவ்வளவு வெளிறிய சிவப்பு.

"இது என்ன ஒயின்?" என்று கேட்டேன்.

"வால்போலிசெல்லா. இந்த ஊரில் வேறு என்ன குடிப்போம்?" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வால்போலிசெல்லா என்றால் அமரோனே என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். கடை ஜன்னல்களில் கனத்த பாட்டிலில் நிற்கும் கருஞ்சிவப்பு ஒயின். ஒரு கிளாஸ் குடித்தால் காது சூடாகும். இதுவோ புளிச் செர்ரியைக் கடித்தது போல நாக்கின் ஓரத்தைச் சுண்டியது, பிறகு பாதாம் தோலின் மெல்லிய கசப்பை விட்டுவிட்டுப் போனது. சூப்பின் கெட்டித்தன்மை வாயில் கரைந்து அடுத்த கரண்டிக்கு இடம் வந்தது. இரண்டாவது டம்ளரை நானே கேட்டு வாங்கினேன்.

அந்த ஒயின் அவருடைய தம்பியின் தோட்டத்தில் விளைந்தது. தோட்டம் மரானோ பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்த வருடமே அங்கே போகத் தொடங்கினேன். இப்போது ஆறு வருடமாகிறது. அறுவடைக்குப் போயிருக்கிறேன், பரணில் குலை புரட்டியிருக்கிறேன், ஜனவரியில் பிழியும் நாளில் கூட நின்றிருக்கிறேன். அந்த மலைச் சரிவுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முக்கியமாக, அமரோனே என்ற பெரிய பெயருக்குப் பின்னால் ஓரமாய் நின்றுவிட்ட சிலவற்றைப் பற்றி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் வடகிழக்கில், வெனெத்தோ மாநிலத்தில் வெரோனா. நகரத்துக்கு வடக்கே லெஸ்ஸீனி மலைகள். அந்த மலைகள் சமவெளிக்கு இறங்கும்போது விரித்த கைவிரல்களைப் போல நீளும். விரல்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்குகள்தான் வால்போலிசெல்லா. நெக்ரார், மரானோ, ஃபுமானே, சாந்த் அம்ப்ரோஜோ, சான் பியேத்ரோ இன் கரியானோ ஆகிய ஐந்து ஊர்களும் பழைய வால்போலிசெல்லா. பாட்டிலில் 'கிளாசிக்கோ' என்று போட்டிருந்தால் திராட்சை இந்த ஐந்து ஊர்களில் விளைந்தது என்று பொருள். மேற்கே கார்தா ஏரி. குளிர்காலத்தில் அதன் வெதுவெதுப்பு இங்கே வரைக்கும் எட்டுகிறது, அதனால்தான் ஆலிவ் மரமும் வளர்கிறது. வடக்கே மலைக்காற்று. ராத்திரியில் அந்தக் காற்று இறங்கிவரும்போது ஆகஸ்ட் மாதத்திலும் போர்வை தேடும். பகலில் வெயில், இரவில் குளிர் என்ற இந்த மாறிமாறி வரும் போக்குதான் திராட்சையில் புளிப்பைக் காப்பாற்றித் தருகிறது.

மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். வெரோனா நகரத்தின் நடுவில் இன்றும் நிற்கிற ரோமானியர் அரங்கம் இந்த மலைக் கல்லில் கட்டியதுதான். நகரத்தின் நடைபாதைக் கற்களைக் கூர்ந்து பார்த்தால் சுருண்ட நத்தைக் கூடு போன்ற புதைபடிவங்கள் தெரியும். இந்த மலை ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தது. நிலத்தைத் தோண்டினால் வருகிற இந்தக் கல்லையே சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பி, சரிவை அடுக்கு அடுக்காக்கித் திராட்சை நட்டிருக்கிறார்கள். உள்ளூரில் 'மரோஞ்ஞே' என்கிறார்கள். சாந்து இல்லாததால் மழைநீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும், சுவர் சாயாது. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குச் சூட்டைக் கொடுக்கும். ஒரு கல் விழுந்தால் அதே வாரம் எடுத்து வைத்துவிட வேண்டும், விட்டால் அடுத்த மழைக்கு நாலு அடி போய்விடும் என்பார் தம்பி. நானும் ஒரு நாள் அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் அதற்கான இடம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்கும்வரை கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெயருக்குப் பொருள் கேட்டால் 'பல நிலவறைகளின் பள்ளத்தாக்கு' என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மொழி ஆராய்ந்தவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோஸ்ஸாவின் காலத்து ஆவணம் ஒன்றில், 1177-இல், இந்தப் பெயர் வருகிறது. எனக்கு அதைவிடப் பிடித்த செய்தி வேறு. ஃபிளாரன்ஸிலிருந்து துரத்தப்பட்ட கவிஞர் தாந்தே வெரோனாவில் அடைக்கலம் புகுந்தார் அல்லவா? அவருடைய மகன் பியேத்ரோ இங்கேயே தங்கிவிட்டார். 1353-இல் கர்கஞாகோ என்ற சிற்றூரில் நிலம் வாங்கினார். அந்த நிலம் இன்றும் அந்த வம்சத்தாரிடமே இருக்கிறது, இன்றும் அதில் திராட்சை விளைகிறது. நாடு இழந்து வந்தவரின் பிள்ளை வாங்கிய மண் அறுநூற்று எழுபது வருடமாகக் கை மாறவில்லை. அந்தத் தோட்டத்தின் மதிலோரமாக நடந்துபோகும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

சரி, திராட்சைக்கு வருவோம். வால்போலிசெல்லா ஒற்றைத் திராட்சை ஒயின் இல்லை, கலவை. கலவை என்றதும் தரம் குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சாம்பார்ப் பொடியில் மல்லிக்கு ஒரு வேலை, மிளகாய்க்கு ஒரு வேலை, வெந்தயத்துக்கு ஒரு வேலை. அதே கதைதான் இங்கேயும்.

தலைமைத் திராட்சை கொர்வீனா. காகத்தைக் குறிக்கும் 'கொர்வோ' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள், தோலின் கருமையால். செர்ரி வாசனையும் புளிப்பும் அந்தக் கடைசிப் பாதாம் கசப்பும் இது தருபவை. துவர்ப்பு அதிகம் இருக்காது. அடுத்தது கொர்வினோனே, 'பெரிய கொர்வீனா'. பழம் பெரிது, துவர்ப்பும் கூட. இரண்டும் ஒரே வகைதான் என்று நீண்ட காலம் நம்பியிருந்தார்கள். 1993-இல்தான் தனி வகையாகப் பதிவானது. மூன்றாவது ரொந்தினெல்லா. 'ரொந்தினே' என்றால் தகைவிலான் குருவி. மரபணு பார்த்ததில் இது கொர்வீனாவுக்கு நேரடி உறவு என்று தெரிந்திருக்கிறது. வாசனையில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் நோய் தாங்கும், எந்த வருடமும் கைவிடாது, நிறம் கொடுக்கும். நான்காவது மொலினாரா. 'மொலீனோ' என்றால் மாவு மில். பழத்தின் மேல் மாவு தூவியது போல வெள்ளைப் படலம் இருப்பதால் அந்தப் பெயர். நிறம் வெளுப்பு, புளிப்பு தூக்கல், லேசாக உப்புக் கரிக்கும்.

ஒரு காகம், ஒரு குருவி, ஒரு மாவு மில். பெயர் வைத்தவர்கள் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் என்று தெரிகிறது.

அண்ணாந்து என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் பகுதியின் பழைய தோட்டங்களில் கொடி பந்தலில்தான் ஓடும். கல்தூணோ மரத்தூணோ நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடியை அதில் படரவிடுவார்கள். குலைகள் இலைக்கு அடியில் தொங்கும். இதற்கும் கொர்வீனாவின் குணம்தான் காரணம். இந்தக் கொடியில் கிளையின் அடியில் உள்ள முதல் சில மொட்டுகள் காய்க்காது. தள்ளியிருக்கும் மொட்டுகளில்தான் குலை வரும். அதனால் கிளையைக் குட்டையாக வெட்டினால் நஷ்டம். நீளமாக விட வேண்டும், நீளமாக விட்டால் தாங்க பந்தல் வேண்டும். நடுவில் ஒரு காலத்தில், பந்தல் பழைய பஞ்சாங்கம், குறைந்த மகசூல் எடுக்கும் வரிசை முறைதான் நவீனம் என்று நிறையப் பேர் மாற்றி நட்டார்கள். இப்போது கோடை வெயில் ஏறிக்கொண்டே போகிறது. வரிசை முறையில் குலைகள் வெயிலில் வெந்துபோகின்றன. பந்தலுக்கு அடியில் நிழலில் தப்பிக்கின்றன. தம்பியின் தோட்டத்தில் பந்தலைப் பிரிக்கவே இல்லை. பணம் இல்லாததால் பிரிக்கவில்லை என்கிறார் அவர்.

இனி பரண். அமரோனேவுக்கான திராட்சையைக் காயவைப்பது இங்கேதான். இதை 'ஃபுருத்தாயோ' என்பார்கள், பழம் வைக்கும் இடம். தம்பி வீட்டில் அது மாட்டுக்கொட்டிலுக்கு மேலே இருக்கிறது. மாடுகள் போய் நாற்பது வருடமாகிறது, பரண் மட்டும் வேலையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். நடுவில் தரையிலிருந்து கூரை வரை மரச்சட்டம், அதில் அடுக்கடுக்காக நாணல் தட்டிகள். 'அரேலே' என்று பெயர். முன்பு இதே தட்டிகளில் வசந்த காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். பட்டுப்புழு கூடு கட்டி முடிந்ததும் தட்டியைக் கழுவிக் காயவைத்து, செப்டம்பரில் திராட்சையைப் பரப்புவார்கள். ஒரே தட்டி, வருடத்தில் இரண்டு விளைச்சல். பட்டுத் தொழில் போய்விட்டது. இப்போது பெரும்பாலான இடங்களில் பிளாஸ்டிக் கூடைகளும் மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வந்துவிட்டன. கழுவ எளிது, பூஞ்சைப் பயம் குறைவு. தம்பியும் முக்கால்வாசி கூடைக்கு மாறிவிட்டார், நாலு தட்டிகளை மட்டும் அப்பாவின் நினைவாக விட்டுவைத்திருக்கிறார்.

அறுவடை நாளில் எனக்குக் கொடுத்த முதல் வேலை குலை பொறுக்குவது. நெருக்கமாகப் பழம் கோத்த குலை வேண்டாம். காற்று உள்ளே போகாது, நடுவில் அழுகும். இடைவெளி விட்ட, தளர்ந்த குலைதான் வேண்டும். தோல் முழுதாக இருக்க வேண்டும். ஒரு பழம் வெடித்திருந்தால் அதை நுனிக் கத்தரியால் எடுத்துவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். முதல் நாள் நான் வேகமாக அடுக்கிய கூடையைத் தம்பி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பாதியைக் கையால் எடுத்து வேறு கூடையில் வைத்தார். பிறகு நான் மெதுவாகவே அடுக்கினேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், சில வருடம் நாலு மாதம்கூட, திராட்சை அங்கேயே கிடக்கும். சும்மா கிடப்பதில்லை. வடகாற்று அடிக்கும் நாளில் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். சமவெளியிலிருந்து மூடுபனி ஏறினால் ஓடிப்போய் அடைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை குலைகளைத் திருப்பிப் பார்த்து, சாம்பல் பூஞ்சை பிடித்ததை விலக்க வேண்டும். அக்டோபரில் பரணுக்குள் நுழைந்தால் பச்சைத் திராட்சை வாசனை. நவம்பர் நடுவில் அது மாறி, வெல்லம் காய்ச்சும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். ஜனவரியில் அத்திப்பழமும் காய்ந்த மூலிகையும் கலந்த மாதிரி. கையில் எடுத்தால் குலைக்கு எடையே இருக்காது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் எடை போயிருக்கும், சில வருடம் 40 சதவீதம் வரைக்கும்.

தண்ணீர் ஆவியாகிச் சர்க்கரை கெட்டிப்படுகிறது, அவ்வளவுதானே என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பறித்த பிறகும் பழம் உயிரோடுதான் இருக்கிறது. கொர்வீனா காயும்போது அதற்குள் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று வெரோனா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். கொடியில் இருந்தபோது செய்யாத வேலைகளைப் பழம் பரணில் செய்கிறது. புதிய சேர்மங்கள் உருவாகின்றன. தண்ணீர் இழக்கும் துன்பத்துக்கு அது கொடுக்கிற பதில் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு பல திராட்சைகளை இப்படிப் போட்டால் சீக்கிரம் அழுகிவிடும். கொர்வீனா தாங்கும்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு கடிதம் சாட்சி. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட கோத் அரசில் உயர் அமைச்சராக இருந்த காஸ்ஸியோதோருஸ், அரண்மனைப் பந்திக்கு வெரோனாவின் 'அசினாத்திகம்' என்ற ஒயினை வாங்கி அனுப்பச் சொல்லி எழுதியது. எதற்கு, எங்கிருந்து என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் செய்முறையையும் விவரிக்கிறார்: குலைகளைப் பறித்துத் தொங்கவிட்டுக் காயவைப்பது, உறைபனி காலத்தில் பிழிவது, அந்தத் திரவத்தின் தடிப்பு. குடிப்பதா உண்பதா என்று வியக்கும் அளவு கெட்டியாக இருந்ததாம். ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஓர் அரசாங்கக் கடிதத்தில் ஒரு மனிதர் ஒயின் மேல் இவ்வளவு ஆசையாக எழுதியிருப்பதை நினைத்தால் எனக்கு அவரைப் பிடித்துவிடுகிறது.

அவர் ஆசைப்பட்டது இனிப்பு ஒயின். அதன் வழித்தோன்றல்தான் ரெச்சோத்தோ. உள்ளூர் மொழியில் 'ரெச்சா' என்றால் காது. குலையின் மேல்பகுதியில் இரண்டு பக்கமும் காது போல நீண்டிருக்கும் கிளைகளில்தான் வெயில் நன்றாகப் படும், அங்கேதான் இனிப்பு கூடுதல். அந்தக் காதுகளை மட்டும் எடுத்துச் செய்ததால் ரெச்சோத்தோ என்கிறார்கள். காய்ந்த திராட்சையைப் பிழிந்தால் சாறு தேன் போல இருக்கும். குளிரில் அது மெதுவாகத்தான் நொதிக்கும். பாதியில் நொதித்தல் நின்றுவிடும் அல்லது நிறுத்துவார்கள். மிஞ்சிய சர்க்கரை இனிப்பாக நிற்கும். பல நூறு வருடம் இந்தப் பள்ளத்தாக்கின் பெருமை இதுதான். கல்யாணம், ஞானஸ்நானம், ஈஸ்டர் என்று விசேஷத்துக்கு எடுத்துவைக்கும் பாட்டில்.

அமரோனே அதிலிருந்து தவறிப் பிறந்த பிள்ளை. நொதித்தல் நிற்காமல் போய், சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாக மாறிவிட்டால் ரெச்சோத்தோ கெட்டுப்போனதாகக் கணக்கு. 1936 வசந்த காலத்தில் நெக்ரார் பக்கத்துக் கூட்டுறவு ஒயின் ஆலையில் நிலவறைப் பொறுப்பாளராக இருந்த அதெலீனோ லுக்கேஸே, மறந்துபோன ஒரு பீப்பாயைத் திறந்து சுவைத்துவிட்டு, "இது வெறும் அமாரோ இல்லை, அமரோனே!" என்று கூவியதாகக் கதை. அமாரோ என்றால் கசப்பு. அமரோனே என்றால் பெருங்கசப்பு. இனிப்பை எதிர்பார்த்த நாக்குக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். அதற்கு முன்னும் இது எத்தனையோ பீப்பாய்களில் நடந்திருக்கும். அன்று பெயர் கிடைத்தது.

1968-இல் வால்போலிசெல்லாவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அப்போதே எல்லை கிழக்கே வல்பந்தேனா, இல்லாஸி வரைக்கும் விரிந்தது. 2010-இல் அமரோனேவும் ரெச்சோத்தோவும் இத்தாலியின் மிக உயர்ந்த தரச் சான்றிதழைப் பெற்றன. இந்த இடைப்பட்ட காலத்தில் அமரோனே உலகம் முழுக்கப் போய்விட்டது. குறைந்தது 14 சதவீத ஆல்கஹால், நடைமுறையில் 15, 16. தடிப்பு, வாசனை, ஆண்டுக்கணக்கில் வைக்கலாம், பெரிய விலை. நெக்ராரில் ஜுசெப்பே குவின்தாரெல்லி என்பவர் இருந்தார், 2012-இல் காலமானார். கையெழுத்து போன்ற எழுத்தில் அச்சிட்ட லேபிளோடு, ஒயினைப் பல வருடம் பீப்பாயில் விட்டுவைத்து, தனக்கு நிறைவு வந்த பிறகே வெளியே விடுவார். அவருடைய அமரோனேவை ஒரே ஒரு முறை, ஒருவர் பிறந்தநாளில், மூன்று விரல் அளவு குடித்திருக்கிறேன். அன்று மேசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆகவே அமரோனே மேல் எனக்குக் கோபம் கிடையாது.

ஆனால் அந்தப் பெயரை நம்பி, நகரத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய பாட்டில் வேறு கதை சொன்னது. ஜாம் கரைத்த தண்ணீர் மாதிரி, இனிப்பும் சூடும் மட்டும். மலை எங்கே, காற்று எங்கே, அந்தப் புளிப்பு எங்கே? மீதியைச் சமையலில் ஊற்றினேன். இங்கே அமரோனேயில் ரிசோத்தோ என்ற அரிசிச் சாப்பாடு செய்வது வழக்கம்தான். என்றாலும் மூன்று மாதம் பரணில் கிடந்த திராட்சைக்கு இந்த முடிவா என்று வருத்தமாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். விதிப்படி 100 கிலோ திராட்சையிலிருந்து சாதாரண வால்போலிசெல்லா 70 லிட்டர் வரை எடுக்கலாம். அமரோனேவுக்கு அதே 100 கிலோவில் 40 லிட்டர்தான் மேல் வரம்பு. ஆனால் விலை பல மடங்கு. அப்படியானால் விவசாயி நல்ல குலையை எங்கே அனுப்புவார்? பரணுக்குத்தான். தோட்டத்தின் மகசூலில் 65 சதவீதம் வரை உலர்த்தலாம் என்று விதி இருக்கிறது. சந்தையில் அமரோனே குவிந்துவிடாமல் இருக்க, சில வருடங்களில் அந்த அளவை 50, 40 என்று குறைக்கிறார்கள். எவ்வளவு குறைத்தாலும் முதல் தேர்வு பரணுக்கு. மீதி தோட்டத்தில் நிற்பது சாதாரண வால்போலிசெல்லாவுக்கு. கீழ்வீட்டு அம்மாளின் டம்ளரில் இருந்த அந்த ஒயின் பலருடைய நிலவறையில் மீதியாகிப்போனது இப்படித்தான்.

அந்த மீதிக்கும் நிம்மதி இல்லை. ரிப்பாஸ்ஸோ என்று ஒன்று உண்டு. அமரோனே எடுத்த பிறகு தங்கும் சக்கையில் இன்னும் சர்க்கரையும் நிறமும் ஈஸ்ட்டும் இருக்கும். தேங்காய்ச் சக்கையில் இரண்டாம் பால் எடுப்போமே, கிட்டத்தட்ட அப்படி. தண்ணீருக்குப் பதில் அந்த வருடத்து வால்போலிசெல்லாவை அதன் மேல் ஊற்றிச் சில நாள் விடுவார்கள். மறுபடி நொதித்து, உடம்பு பிடித்து, ஆல்கஹால் ஒரு படி ஏறிவிடும். வீடுகளில் பழைய வழக்கம்தான். 1960-களில் மாஸி நிறுவனம் அதை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது, 2010-இல் தனிச் சான்றிதழும் வந்தது. நல்ல ரிப்பாஸ்ஸோ குளிர்கால இரவுக்கு, மெதுவாக வெந்த இறைச்சிக்கு, அருமையாகப் பொருந்தும். ஆனால் இதற்கும் எடுக்கப்படுவது அதே சாதாரண வால்போலிசெல்லாதான். மேலே அமரோனே இழுக்கிறது, நடுவில் ரிப்பாஸ்ஸோ இழுக்கிறது. தன் பெயரிலேயே பாட்டிலுக்குள் போகிற வால்போலிசெல்லா வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது.

மொலினாராவுக்கும் இதே கதிதான். ஒயின் கருப்பாக, தடிப்பாக இருக்க வேண்டும் என்று உலகம் கேட்டபோது இந்த வெளிறிய திராட்சை இடைஞ்சலாகத் தெரிந்தது. 2003 விதிமாற்றத்தில் மொலினாரா கட்டாயம் என்பது போய்விட்டது. இன்றைய விதி இது: கொர்வீனாவும் கொர்வினோனேவும் சேர்ந்து 45 முதல் 95 சதவீதம், ரொந்தினெல்லா 5 முதல் 30. மற்ற உள்ளூர் வகைகளுக்கும் வெளி வகைகளுக்கும் மீதி இடம். மொலினாரா அந்த 'மற்றவை' வரிசையில் போய் நிற்கிறது. நிறையப் பேர் அந்தக் கொடியை வெட்டி வேறு வகை ஒட்டுக்கட்டிவிட்டார்கள். ஒரு கலவையில் மூன்று பேர் தடிப்பையும் வாசனையையும் நிறத்தையும் பார்த்துக்கொள்ளும்போது, வாயை ஈரமாக வைத்து அடுத்த வாய்க்கு அழைப்பது நாலாவது ஆளின் வேலை. அது இல்லாத கலவையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. தெரியாமல் போனால் நன்றாக இருந்திருக்கும். லேபிள் இல்லாத அந்தப் பாட்டிலைக் குடித்துவிட்டேனே.

இந்தக் குறையைத் தம்பியிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. அமரோனே இல்லாவிட்டால் இந்தக் கல் சுவர்களை அடுக்க யார் இருப்பார்கள் என்று கேட்டார். அவர் சின்ன வயதில் மலையை விட்டு இறங்கி வெரோனாவின் தொழிற்சாலைகளுக்குப் போனவர்களின் பெயர்களை வீடு வீடாகச் சொன்னார். காடு ஏறிக்கிடந்த அடுக்கு நிலங்கள் திரும்பவும் தோட்டமானது அமரோனே பணத்தில்தான். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் ஒயின் தொழில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்திருக்கிறாள், அதற்கும் அதுதான் காரணம். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மாலை சரிவில் இறங்கும்போது இரண்டு பக்கச் சுவர்களையும் புதுக் கண்ணோடு பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதே நேரத்தில், அதே அமரோனே பணம்தான் மலையடிவாரத்தின் வளமான தட்டை நிலங்களிலும் கொடியை நடவைத்தது. கோதுமையும் பழமரமும் இருந்த இடங்கள். அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை, டிராக்டர் ஓடும், குலை பெருக்கும். காயவைத்துவிட்டால் எந்த நிலத்துத் திராட்சையும் ஓரளவு தடிப்பு காட்டிவிடும். எந்த மண் என்ற கேள்வி பரணில் மங்கிவிடுகிறது. திராட்சையைக் காயவைக்காமல் செய்யும் சாதாரண ஒயின்தான் மண்ணை அப்படியே சொல்லும். மரானோவின் உயரத்தில் விளைந்ததையும் அடிவாரத்தில் விளைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். இதனால்தான் சாதாரண வால்போலிசெல்லாவுக்காக நான் இவ்வளவு வாதாடுகிறேன்.

2014 நல்ல எடுத்துக்காட்டு. கோடை முழுக்க மழை பெய்த வருடம். பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் சிலர் அந்த வருடம் தங்கள் அமரோனேவை வெளியிடவே இல்லை. காயவைக்கத் தகுந்த குலை இல்லை. அப்படிப்பட்ட வருடத்தில் பந்தலில் நிற்கும் நல்ல திராட்சை முழுதும் சாதாரண ஒயினுக்குப் போகும். தம்பி அந்த வருடத்துப் பாட்டில்களில் இரண்டை வைத்திருந்தார், ஒன்றை எனக்காகத் திறந்தார். மெலிந்த ஒயின்தான். ஆனால் மழைக்குப் பிறகு கல்லில் எழும் வாசனை அதில் இருந்தது.

மாற்றமும் தெரிகிறது. இளம் தயாரிப்பாளர்கள் சிலர், இந்தத் தோட்டத்தை அமரோனேவுக்கு எடுக்க மாட்டோம் என்று முடிவு செய்து, உயரமான சரிவின் நல்ல குலைகளைச் சாதாரண வால்போலிசெல்லாவுக்கே வைக்கிறார்கள். மரப் பீப்பாய் வாசனை ஏற்றாமல் சிமென்ட் தொட்டியில் வைத்து எடுக்கிறார்கள். வெளிறிய நிறத்துக்கு வெட்கப்படுவதில்லை. கிடைத்தால் கோடையில் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்துப் பாருங்கள். தக்காளி, பயறு, பொரித்த மீன், எதனோடும் போகும்.

தம்பியின் தோட்டத்தில் மேல் அடுக்கின் ஓரத்தில் மூன்று வரிசை மொலினாரா இருக்கிறது. வெட்டிவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார், வெட்ட மாட்டார். போன அறுவடையில் மகள் அதைத் தனியாகப் பறித்து, ஒரு சின்னத் தொட்டியில் தனியாக நொதிக்கவிட்டாள். எதற்கு என்று அப்பா கேட்டார். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் நாங்கள் எல்லாரும் கீழ்வீட்டு அம்மாளின் மேசையில் இருந்தோம். இந்த ஊரின் பந்தோரோ கேக், மேலே சர்க்கரைத் தூள். அம்மாள் அலமாரியிலிருந்து ரெச்சோத்தோ எடுத்து வந்தார், சுண்டுவிரல் உயரக் கிளாஸ்களில் ஊற்றினார். காஸ்ஸியோதோருஸ் சொன்னது சரி, பாதி உண்பதும் பாதி குடிப்பதுமாகத்தான் இருந்தது. அது முடிந்த பிறகு மகள் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். லேபிள் இல்லை. ரோஜா நிறத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இனிப்புக்குப் பிறகு இதையா என்று அப்பா முணுமுணுத்தார். அம்மாள் தண்ணீர் டம்ளரைக் கழுவி எடுத்து வந்தார். முதல் வாய் குடித்துவிட்டு, தம்பியைப் பார்த்து உள்ளூர் மொழியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மகள் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தாள்: "தாத்தா மதியத்துக்கு ஊற்றுவது இந்த நிறத்தில்தான் இருக்கும் என்கிறாள் அத்தை."

தம்பி தன் டம்ளரை நீட்டினார்.